இரவல் மெத்தை

இது நடந்தது 2005-ம் வருடம், கத்திரி வெயில் காலத்தில். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தோம். நான் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போய், ஆண் பிள்ளையோடு திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைக்கு மூன்றாவது மாதம். வீட்டுக்காரர் உப்பு வாருகிற வேலைக்குப் போவார். பிள்ளை உண்டாகிற வரைக்கும் நானும் அங்கே கூடை சுமந்தவள்தான்.

எங்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மண் சுவர், மேலே பனை ஓலை. பின்வாசலுக்குக் கதவு கிடையாது. உப்பு மூட்டைச் சாக்கைப் பிரித்துத் தைத்த படுதாதான் தொங்கும். பிள்ளை படுக்க ஒரு கோரைப்பாய். அதன் மேல் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைத் துவைத்து மடித்து விரிப்பேன். பாயின் ஓரமெல்லாம் நைந்து நார் நாராகத் தொங்கும். பிள்ளை அதில் மல்லாந்து படுத்து, கைகாலை உதைத்துக்கொண்டே தூங்கிப்போவான். அவனுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. குறையெல்லாம் எனக்குத்தான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்த ஒரு அம்மா, என் பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதுலயா சுத்தி எடுத்துனு போவப் போற?" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ரெண்டு விரல் என் மனசை விட்டுப் போகவே இல்லை. யார் என் பிள்ளையைப் பார்க்க வந்தாலும் அவர்கள் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் ஒரு கைக்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோயிற்று. தோஷம் என்றார்கள் சிலர். தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் சிலர். அதற்கப்புறம், புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்ஸ், கைக்குழந்தை இருக்கிற வீடு வீடாகப் போய், பிள்ளையை எங்கே எப்படிப் படுக்க வைக்கிறார்கள் என்று பார்க்கிறாராம் என்று தெருவில் பேச்சு. நாளைக்கு நம் தெருவுக்கு வருகிறார் என்றும் சொன்னார்கள்.

என்ன சொல்லிக் கொடுக்க வருகிறார் என்று நான் யோசிக்கவில்லை. என் பிள்ளை படுக்கையைப் பார்க்க ஒருத்தர் வீட்டுக்குள்ளேயே வருகிறார் என்றதும், எனக்கு அந்த நைந்த பாயும் அந்த ரெண்டு விரலும்தான் கண்ணில் வந்து நின்றன.

தெரு முனையில் உப்பளத்துக் கணக்குப்பிள்ளையின் வீடு. எங்கள் தெருவிலேயே தளம் போட்ட வீடு அது ஒன்றுதான். இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று சொல்கிறவர் அவர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் பதவியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாத மனுஷி. அக்காவுக்கும் ஒரு ஆண் பிள்ளை, என் மகனைவிட ஒரு மாதம் மூத்தவன். அவனுக்கு அக்காவின் தாய் வீட்டிலிருந்து சீராக ஒரு படுக்கை வந்திருந்தது. சிவப்பு சாட்டின் உறை போட்ட இலவம்பஞ்சு மெத்தை, ரெண்டு பக்கமும் அணை கொடுக்கக் குட்டித் திண்டு, பூ மாதிரி ஒரு தலையணை, மேலே குடை போல விரிகிற கொசுவலை. வலையைச் சுற்றி ஜிகினா வைத்த சுருக்கு வேறு. தெருவே அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

மறுநாள் காலையில் நேராக அக்காவிடம் போய்க் கேட்டுவிட்டேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும்தான், உடனே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"அதுக்கென்னாடி, எடுத்துனு போ. என் புள்ள ஒரு வேளை தூளியில தூங்கட்டும்" என்று அவரே மடித்துத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்.

'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம்' என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் அப்படியே செய்தேன். பாயைச் சுருட்டி, பின்பக்கம் அடுக்கியிருந்த வேலிக்காத்தான் விறகுக்குப் பின்னால் சொருகினேன். வேட்டித் துணியையும் அதோடு சேர்த்து ஒளித்தேன். வீட்டைச் சாணம் போட்டு மெழுகி, நடுவில் சிவப்பு மெத்தையை விரித்தேன். வீடே வேறு யாருடைய வீடோ மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிள்ளைக்குத்தான் அது பிடிக்கவில்லை. மல்லாக்கப் போட்டால் முதுகு பள்ளத்தில் இறங்கி, கைகாலை ஆட்ட முடியாமல் கத்தினான். நர்ஸ் வருகிற நேரத்தில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். கொஞ்சம் முனகிவிட்டுத் தூங்கிவிட்டான். ரெண்டு பக்கமும் திண்டை நெருக்கி வைத்து, தலைப்பக்கம் அந்தப் பூத் தலையணையைச் சாய்த்து, கொசுவலையை இறக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். காலண்டர் படம் போல இருந்தது. நானும் கொஞ்சம் மனுஷியாக இருக்கலாமே என்று, கால் கழுவி நல்ல புடவை மாற்றப் பின்பக்கம் போனேன்.

புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டிருக்கும்போது முன்வாசலில் "அக்கா, இருக்கீங்களா?" என்று குரல் கேட்டது. "உள்ள வாங்க, இதோ வந்துட்டேன்" என்று பதில் கொடுத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தேன். அடுத்த நொடி ஏதோ பை கீழே விழுகிற சத்தம். "அய்யோ, புள்ள!" என்று ஒரு அலறல்.

படுதாவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி, அந்த நர்ஸ்தான், கொசுவலையை விலக்கித் தள்ளிவிட்டு என் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். பிள்ளையின் முகம் வெளிறி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. கை தொங்கியது. அவள் அவனைத் தன் கைமேல் போட்டு முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், வாயைத் திறந்து பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். நான் அப்படியே நின்றேன். பிள்ளையை வாங்கக்கூடக் கை நீட்டவில்லை. அப்புறம் அவனிடமிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அழுதான். அவ்வளவு சத்தமாக அவன் பிறந்த அன்றுகூட அழவில்லை. அப்போதுதான் போய் அவனை வாங்கினேன்.

உடனே ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தெருவில் எட்டிப் பார்த்தவர்களிடம் எல்லாம் "பால் புரை ஏறிடுச்சு" என்றேன். டாக்டர் நன்றாகப் பரிசோதித்து, மத்தியானம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பயமில்லை, கூட்டிப்போங்கள் என்றார்.

கிளம்புகிறதுக்கு முன்னால் நர்ஸ் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மெத்த மெதுவா இருந்தா மூஞ்சி அதுல பொதைஞ்சிடும்க்கா. கொழந்தைக்குத் தலையைத் திருப்பத் தெம்பு இருக்காது. கத்தக்கூட முடியாது. உங்க வூட்ல பாய் இல்லியா?"

"இருக்குதுங்க."

"அதாங்க்கா வேணும். பாயி, மேல ஒரு துணி, அது போதும். மல்லாக்கப் போடுங்க. தலையணை, திண்டு ஒண்ணும் வேணாம். மூஞ்சிய மூடாதீங்க. நீங்க பக்கத்துலயே படுத்துக்கோங்க. குடிச்சிட்டு வர்றவங்க, பீடி பிடிக்கிறவங்க பக்கத்துல மட்டும் போடாதீங்க."

தலை தட்டையாகப் போய்விடுமே என்று கேட்டேன். முழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் கவிழ்த்துப் போட்டால் போதும், அதுவே சரியாகிவிடும் என்றாள்.

அவள் என் வீட்டில் எதைப் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பாளோ, அதைத்தான் நான் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அந்த வெட்கமே போதுமானது. ஆனால் அதோடு நிற்கவில்லை.

"அந்த மெத்தை உங்களுதாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. எங்க அம்மா வூட்டு சீரு."

"உங்க தெருவுல வேற யாரு வூட்லயாச்சும் அந்த மாதிரி இருக்குதா?"

"இல்லைங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கணக்குப்பிள்ளை வீட்டில் இருக்கிறது என்றால், அது இரவல் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம். பிள்ளை செத்துப் பிழைத்து மடியில் கிடக்கிறான், அப்போதும் எனக்கு மானம்தான் பெரிதாக இருந்தது. மீதி வீடுகளை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று நர்ஸ் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மெத்தையைத் தட்டி மடித்து, திண்டு வலையோடு தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அக்கா வாசலிலேயே ஓடிவந்து என் பிள்ளையை வாங்கிக்கொண்டார். "கண்ணுதாண்டி பட்டிருக்குது, வேற ஒண்ணுமில்ல" என்று, உள்ளே போய் ஒரு கை உப்பும் மிளகாயும் எடுத்துவந்து அவனைச் சுற்றி அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. "பாத்தியா, எம்மாம் கண்ணு!" என்றார். அவர் அப்படிப் பாசமாக இருக்க இருக்க, எனக்குச் சொல்ல வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம் கேட்டார். "மெத்தையப் பாத்து நர்ஸு என்னா சொன்னாங்க?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னாங்கக்கா."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் கண் முன்னாலேயே மெத்தையை விரித்தார். தூளியிலிருந்து தன் பிள்ளையைத் தூக்கி, அவன் கவிழ்ந்து படுத்தால்தான் நெடுநேரம் தூங்குவான் என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்துப் போட்டார். ரெண்டு பக்கமும் திண்டை வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து வந்திருந்தார். அவரிடம் மட்டும் நடந்ததை எல்லாம் சொன்னேன். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"கணக்குப்புள்ள வூட்ல போயி, உங்க அம்மா வூட்டு சீரு புள்ளைக்கு ஆவாதுன்னு சொல்லுவியா? அந்த மெத்தையிலதான் எம்புள்ளைக்கு மூச்சு நின்னுச்சுன்னு சொல்லுவியா? நாளைக்கு அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது? நர்ஸு நாளைக்குப் போவுது இல்ல, அதுவே சொல்லிக்கும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நர்ஸ் படித்தவள், அவள் சொன்னால் எடுபடும். ஒரு ராத்திரிதானே. அந்தப் பிள்ளை இத்தனை நாளாக அதில்தானே தூங்குகிறான். இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விறகுக்குப் பின்னாலிருந்து பாயை எடுத்து உதறி, என் பிள்ளையை அதில் மல்லாக்கப் போட்டேன். அவன் காலை உதைத்துக்கொண்டு தூங்கினான். என் பிள்ளை பத்திரம்.

ஆனால் உட்கார முடியவில்லை. தெரு முனையிலிருந்து அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். எப்போதும் காதில் விழாத சத்தம், அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதுதான் கேட்டது. அவன் அழுதால் எனக்கு உயிர் வரும். அழுகை நின்றால் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுக் காது கொடுப்பேன். இப்போது தூங்குகிறானா, இல்லை வேறு ஏதாவதா என்று நினைத்துக்கொண்டே சோற்றைப் பிசைந்து, அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கால் இருந்தது, வாய் இருந்தது. போகவில்லை.

சாயங்காலம் ஆயிற்று. அழுகைச் சத்தம் கேட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. விளக்கு ஏற்ற எண்ணெய் ஊற்றினேன். நினைப்பெல்லாம் தெரு முனையில் இருந்ததில், தரையில் கொட்டியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போட்டது போட்டபடி ஓடினேன். வீட்டுக்காரர் "ஏய், எங்க?" என்று கூப்பிட்டது கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அடுத்த வீட்டுக்குள் தலைவிரி கோலமாக நுழையக் கூடாது. தூங்குகிற பிள்ளையைத் தொடக் கூடாது. அபசகுனமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. மூன்றையும் செய்தேன். அக்கா சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போய், கொசுவலையைத் தூக்கிப் பிள்ளையை வாரி எடுத்தேன். உடம்பு கதகதப்பாக இருந்தது. தூக்கம் கலைந்த கோபத்தில் வீல் என்று கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கும் அழுகை வெடித்துவிட்டது.

"என்னாடி ஆச்சு உனக்கு?" என்று அக்கா மிரண்டு போனார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். புரை ஏறவில்லை, மூஞ்சி மெத்தையில் புதைந்துவிட்டது, உதடு நீலமாகிவிட்டது, நர்ஸ் வந்திராவிட்டால் என் பிள்ளை இல்லை, இதில் படுக்க வைக்காதீங்கக்கா, திண்டு வேண்டாம், பாயில் மல்லாக்கப் போடுங்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, வாய்க்கு வந்த வரிசையில்.

சீரைப் பழிக்கிறாள் என்று கோபப்படுவார் என்றுதான் பயந்திருந்தேன். அக்கா மெத்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்து பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். என்னையே பார்த்தார்.

"அப்போ மத்தியானம் நல்லா இருக்குதுன்னு சொன்னாங்கன்னியே" என்றார்.

மறுபடியும் அவரேதான் பேசினார்.

"நீ பாக்கத்தான போட்டேன். அப்பத்திலேர்ந்து எம்புள்ள இதுலதான தூங்குறான்."

சத்தமே போடவில்லை அவர். மெதுவாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். அவர் ரெண்டு விரலால் என்னைத் தூக்கிப் பார்த்திருந்தாலும் நியாயம்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

மறுநாள் வீட்டுக்காரரைக் கணக்குப்பிள்ளை எப்போதும் போல வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். நாங்கள் பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு வாரம் போயிருக்கும், வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். எடை போடுகிற கொட்டகையில் கணக்குப்பிள்ளை தன் ஸ்டூல் மேல் சிவப்பு சாட்டின் மெத்தையை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். புது மாப்பிள்ளை என்று எல்லாரும் கிண்டல் செய்கிறார்களாம். வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன். அந்தப் பிள்ளை இப்போது பாயில் தூங்குகிறான் என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒருநாள் பால்வாடியில் நர்ஸ் எங்களை எல்லாம் கூட்டி வைத்து, ஒரு பொம்மையைப் பாயில் படுக்க வைத்துக் காட்டினாள். "மெத்த இல்லாதவங்களுக்குச் சொல்ற சமாதானம் இது" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பினார். "எங்க வூட்ல இருந்துச்சு. எடுத்துட்டோம். புள்ளைக்கு ஆவாது" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. கணக்குப்பிள்ளை வீட்டிலேயே எடுத்துவிட்டார்கள் என்றால் அப்புறம் யார் வைத்திருப்பார்கள்? நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு என் வீட்டில் பார்த்த மெத்தை யாருடையது என்று அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருக்கும். அக்கா நினைத்திருந்தால் என் கதையை அங்கேயே சொல்லியிருக்கலாம். என் பெயரை எடுக்கவே இல்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேசவும் இல்லை.

பேச்சு தானாக ஒருநாள் திரும்பி வந்தது. எப்போது என்று இருவருக்குமே ஞாபகமில்லை. அந்த மத்தியானத்தைப் பற்றி மட்டும் அவர் கேட்டதில்லை, நானும் எடுத்ததில்லை. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நான் போய்விடுவேன். ஆசையாக வாங்கி வைத்திருக்கிற தலையணையை, திண்டை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் போடச் சொல்வேன். சிலருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். மறுநாளும் போய்ப் பார்ப்பேன்.

போன வருடம் அக்காவின் மகனுக்கு வேலை கிடைத்தது. ஸ்வீட் கொடுக்க வந்தவர், என் மகன் கதவைத் திறந்ததும் அவன் கன்னத்தைத் தடவினார். "உங்கம்மா அன்னிக்கு வெளக்கு வைக்கிற நேரத்துல ஓடியாந்தா பாரு, அத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார். மகன் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் ஸ்வீட் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் ஓடி வந்ததை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார். எனக்கோ, அதற்கு முன்னால் அந்த மத்தியானம் முழுக்க என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததுதான் இன்றைக்கும் ஞாபகத்தில் நிற்கிறது.